நான்காம் எண் வீட்டுச் சாவியும் கேட்கப்படாத ஒரு கேள்வியும்

அனுப்புநர்:
நான்காம் எண் வீட்டுக்காரி,
பேருந்து நிலைய அறிவிப்பாளர் (ஓய்வு),
போக்குவரத்து ஊழியர் முதியோர் குடியிருப்பு.

பெறுநர்:
முதியோர் நல அலுவலர் அவர்கள்,
முதியோர் நல அலுவலகம், முதல் மாடி.

பொருள்: சித்தம் கலங்கியவள் எனப் பதிவு செய்யப்பட்ட நான் தெளிந்துவிட்டமை – கலக்கத்துக்குக் காரணம் சிறுநீர்த் தொற்று என உறுதியானமை – வருகிற 20ஆம் தேதி வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவை ரத்து செய்யவும், மூன்றாம் எண் வீட்டை வேறு எவருக்கும் ஒதுக்காதிருக்கவும், படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
தங்கள் கள ஆய்வாளர் 7ஆம் தேதி நிரப்பிய இருபத்திரண்டு கேள்விப் படிவம்.
தங்கள் 10ஆம் தேதி உத்தரவு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவை நானே, என் கைப்பட, எவர் உதவியும் இன்றி எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. தங்கள் கோப்பின்படி என்னால் இப்போது ஒரு வரிகூட ஒழுங்காக எழுத முடியாது. "நினைவு நம்பத்தக்கதல்ல, தனித்து வாழத் தகுதியற்றவர்" என்று எனக்கு நேரே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. முதல் இரண்டு நாள் இருந்தது, இப்போது இல்லை. பிழைத்து வந்த சந்தோஷத்தில் இருக்கிறேன். ஆகவே மனுவில் எங்காவது பணிவு குறைந்து கலகலப்பு கூடியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

1. பேருந்து நிலையத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் ஒலிபெருக்கி அறிவிப்பாளராக இருந்தேன். தாங்கள் பேருந்தில் போனவராயிருந்தால் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்ற என் குரலைக் கேட்டிருப்பீர்கள். கேட்டும் கவனிக்காமல் இருந்திருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான். என் அறை முதல் நடைமேடைக்கு மேலே, இரும்புப் படியேறிப் போகிற ஒரு கண்ணாடிக் கூண்டு. கழிப்பறையோ ஒன்பதாம் நடைமேடைக்கும் அப்பால். நான்கு நிமிடத்துக்கு ஒரு பேருந்து கிளம்பும். கழிப்பறைக்குப் போய்வரப் பன்னிரண்டு நிமிடம். அதாவது மூன்று பேருந்துகள் அறிவிப்பில்லாமல் போய்விடும். அவற்றைத் தவறவிட்டவர்கள் கூண்டுக்குக் கீழே நின்று என் பரம்பரையையே இழுப்பார்கள். ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. தொண்டை காய்ந்தால் ஒரு வாய் நனைத்துக்கொள்வேன். எட்டு மணி நேரமும் அடக்கிக்கொள்வேன்.

இதற்கு நிர்வாகம் கேடயமே கொடுத்தது. "பணி நேரத்தில் இருக்கையை விட்டு எழாத அறிவிப்பாளர்" என்று அதில் பொறித்திருக்கிறது. கூடத்துச் சுவரில் பெருமையாக மாட்டியிருந்தேன். வந்து பார்த்த ஒருவர்கூட, இந்த மனுஷி எழாமல் எப்படித்தான் இருந்தாள் என்று கேட்டதில்லை.

2. ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கூண்டு போயிற்று, பழக்கம் போகவில்லை. கழிப்பறை இப்போது படுக்கையிலிருந்து ஆறு அடி தூரம். ஆனாலும் நாள் முழுக்க இரண்டு டம்ளர் தண்ணீருக்கு மேல் எனக்கு இறங்காது. வீட்டு ஜன்னலுக்கு எதிரே பேருந்து நிலையத்தின் பின்வாசல். இன்னமும் பேருந்துகள் கிளம்பும் நேரத்தில் எழுந்து போக மனம் வராது. பைத்தியக்காரத்தனம் என்று தாங்கள் சொல்லலாம். அந்தச் சொல்லைச் சற்றுப் பொறுத்துப் பயன்படுத்தும்படி கேட்டுக்கொள்ளவே இம்மனு.

3. இம்மாதம் 2ஆம் தேதி வியாழக்கிழமை சிறுநீர் கழிக்கையில் எரிந்தது. மறுநாள் அடிக்கடி போக வேண்டியிருந்தது. போனால் நாலு சொட்டு. சனிக்கிழமை என் மகன் வந்தான். அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன், நல்ல பிள்ளை. வாரம் தவறாமல் வந்து, "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்பான். நாற்பது வயது மகனிடம் இன்ன இடத்தில் எரிகிறது என்று எந்தத் தாய் சொல்வாள்? "கொஞ்சம் அசதிடா" என்றேன். அவனும் அசதி என்றே நம்பினான். அதற்குப் பிறகு நான் செய்த காரியத்தை எழுதவே வெட்கமாக இருக்கிறது. அடிக்கடி போக வேண்டியிருக்கிறதே என்று, குடித்துக்கொண்டிருந்த இரண்டு டம்ளரையும் நிறுத்திவிட்டேன். முப்பத்தோரு ஆண்டு அனுபவசாலி அல்லவா! ஞாயிற்றுக்கிழமை மாலை உடம்பு நடுங்கியது. திங்கட்கிழமை எனக்கு நினைவில் இல்லை.

4. செவ்வாய்க்கிழமையும் நினைவில் இல்லை. ஆனால் அன்றுதான் தங்கள் கள ஆய்வாளர் வருடாந்திரச் சரிபார்ப்புக்கு வந்தார். நடந்ததை அவர் எழுதிய படிவத்திலிருந்தே அறிந்துகொண்டேன். என் மகனை அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டபோது முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்பது மூன்றாம் கேள்வி. ஏழாம் நடைமேடை என்றிருக்கிறேன். "உங்கள் மகன் எங்கே வேலை செய்கிறார்?" என்றதற்கு, விசாரணைக் கவுண்டரில் கேளுங்கள் என்றிருக்கிறேன். ஆய்வாளர் நாற்காலியை நகர்த்தியபோது, மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்க வேண்டாம் என்று ஒலிபெருக்கிக் குரலில் மூன்று முறை எச்சரித்திருக்கிறேன். அவரும் எழுந்து ஓரடி பின்னால் நின்றிருக்கிறார், பாவம். இருபத்திரண்டில் ஐந்து சரி என்று மதிப்பெண் போட்டிருக்கிறார்.

ஐயா, ஐந்தல்ல, ஆறு. ஒன்பதாம் கேள்வியைத் தாங்களே பார்க்கலாம். "இப்போது மணி என்ன?" நான் சொன்ன பதில்: பத்து பத்து. என் சுவர்க் கடிகாரம் ஒன்று இருபது காட்டியதால் ஆய்வாளர் அதைத் தவறு என்று குறித்திருக்கிறார். அந்தக் கடிகாரத்துக்கு பேட்டரி போய் ஒரு மாதம் ஆகிறது. அதே படிவத்தின் தலைப்பில், அவர் தம் கையாலேயே, "வருகை நேரம் காலை 10.05" என்று எழுதியிருக்கிறார். பின்வாசலில் பத்து பத்து வண்டி ஹாரன் அடித்திருக்கும். என் புத்தியில் மிச்சம் எல்லாம் கலங்கிக் கிடந்தபோதும் அது மட்டும் கலங்கவில்லை. மதிப்பெண்ணைத் திருத்துவதால் உத்தரவு மாறாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் திருத்தித் தந்தால் மகிழ்வேன்.

5. படிவத்தின் கடைசிப் பக்கத்தில் உறவினர் ஒப்புதல் என்ற இடத்தில், ஆய்வாளர் அழைத்ததும் ஓடிவந்த என் மகன் கையெழுத்திட்டிருக்கிறான். வீட்டுச் சாவியையும் ஆய்வாளரிடம் கொடுத்துவிட்டான். அவனை நான் குறை சொல்லவில்லை. தன் தாய் தன்னைப் பார்த்து, "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டால் எவன்தான் கதிகலங்க மாட்டான்? பிற்பாடு மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னதை அப்படியே தருகிறேன்: "லிஃப்ட் திடீர்னு நின்னுட்டா மொதல்ல கரண்ட் வருதான்னு பார்ப்பேம்மா. மோட்டார் போச்சுன்னு எடுத்த எடுப்புலே சொல்லவே மாட்டேன். உன் விஷயத்துல மட்டும் வயசாயிடுச்சுன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டேன்." இதைவிடத் தெளிவாக இந்த மனுவில் நான் எதையும் எழுதிவிட முடியாது.

6. மறுநாள் புதன்கிழமை என்னைப் பார்க்க வாளி வந்தாள். தங்கள் கோப்புக்காக: பேருந்து நிலையக் கழிப்பறைப் பராமரிப்பாளர் (ஓய்வு). எந்நேரமும் கையில் ஒரு நீல வாளி இருக்கும் என்பதால் அந்தப் பெயர். என்னை அவள் மைக்கு என்பாள். அன்று வீட்டில் மகன், மருமகள், பக்கத்து வீட்டார் என்று கூட்டம். எல்லோரும் என்னைச் சுற்றி நின்று, நான் யாரை அடையாளம் கண்டேன், யாரைக் காணவில்லை என்று மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார்களாம். வாளி உள்ளே வந்தாள், என் நெற்றியைத் தொட்டாள், படுக்கை அருகே குனிந்து முகர்ந்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"இவ எப்ப இருந்து இப்படி? கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. மருமகள் மட்டும் யோசித்து, சனிக்கிழமை வரை நன்றாகத்தான் பேசினார்கள் என்றாளாம். "சனிக்கெழம நல்லா இருந்தவளுக்கு செவ்வாக்கெழம புத்தி போயிடுமா? முப்பது வருஷம் என் வாசப்படிய மிதிக்காதவ இவ. எனக்குத் தெரியும் இவ கத. வண்டியக் கூப்பிடுங்க!" என்று வாளி போட்ட சத்தத்தில் மகன் ஆட்டோவுக்கு ஓடியிருக்கிறான்.

ஐயா, முப்பத்தோரு ஆண்டுகள் நான் சுருதி பிசகாமல் அறிவித்தேன். எனக்காக ஒருத்தி போட்ட ஒரே அறிவிப்பு அதுதான். அவள் மட்டும் அன்று வராதிருந்தால் இம்மனு எழுதப்பட்டிருக்காது.

7. மருத்துவமனையில் காய்ச்சல் நூற்றிரண்டு. சிறுநீரைப் பரிசோதித்ததில் தொற்று உறுதியானது. சிறுநீரகம் வரை எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது என்றார்கள். நரம்பு வழியே மருந்தும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். வெள்ளிக்கிழமை மதியம் எனக்குத் தெளிந்தது. கண்ணைத் திறந்து, "என் வீட்டு ஜன்னலைச் சாத்தினீங்களா?" என்று கேட்டேனாம். மகன் தேம்பி அழுதான். நான் பயந்துபோய், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். எனக்குத்தான் ஆகியிருந்தது என்பதும், அது போய்விட்டது என்பதும் புரியச் சற்று நேரம் பிடித்தது. என் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. அது போதுமாயிருந்தது.

மருத்துவர் அம்மா எனக்கு விளக்கியதை, தங்கள் அலுவலகத்துக்கும் பயன்படும் என்பதால், அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "இது மறதி நோய் இல்லம்மா. மறதி நோய் மெல்ல மெல்ல வரும், மாசக்கணக்குல, வருஷக்கணக்குல. உங்களுக்கு மூணே நாள்ல வந்திருக்கு. வயசானவங்களுக்குத் திடீர்னு குழப்பம் வந்தா, உடம்புல வேற எங்கயோ கோளாறு இருக்கான்னு ஓடிப்போய்ப் பார்க்கணும். நீங்க தண்ணி குடிக்காம, அடக்கி அடக்கி வச்சது கிருமிக்கு வசதியாப் போச்சு." வாளி உடனே, அப்படியானால் புத்தி தடுமாறும் எல்லோருக்கும் இந்த மாத்திரைதானே என்றாள். மருத்துவர் அம்மா அதற்குத் தலையசைத்து மறுத்தார். "அப்படியும் இல்ல. வயசானவங்க யூரின்ல கிருமி சும்மாவே இருக்கும், ஒரு தொந்தரவும் பண்ணாம. அதுக்கெல்லாம் மாத்திரை குடுக்கக் கூடாது. குழப்பத்துக்கு வேற காரணமும் நூறு இருக்கு. காய்ச்சல் இருக்கா, எரியுதா, எப்ப ஆரம்பிச்சுது, எல்லாத்தையும் சேத்துதான் முடிவு பண்ணணும்." ஆகவே ஒரு பரிசோதனைச் சீட்டை வைத்துக்கொண்டு எல்லா உத்தரவையும் மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. மருத்துவர் பார்க்கும் முன் முடிவு எழுத வேண்டாம் என்றே கேட்கிறேன்.

8. 12ஆம் தேதி வீடு திரும்பினேன். மகன் தன்னிடமிருந்த மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தான். கதவிடுக்கில் தங்கள் உத்தரவு கிடந்தது. இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு வண்டி வரும், முதியோர் காப்பகத்தில் இரண்டாம் தளத்தில் எனக்குப் படுக்கை ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றிருந்தது. எப்படிப்பட்ட இடம் என்று பார்க்க மறுநாள் வாளியோடு போனேன். சும்மா சொல்லக்கூடாது, சுத்தமான இடம். ஜன்னல் மட்டும் சுவரைப் பார்க்கிறது.

எனக்கென்று ஒதுக்கிய படுக்கைக்கு அடுத்த படுக்கையில் மூன்றாம் எண் வீட்டு டைப் அக்கா இருந்தார். பணிமனை அலுவலகத்தில் தட்டச்சராக இருந்தவர். ஒரு எழுத்துப் பிழை இருந்தால் முழுப் பக்கத்தையும் திரும்ப அடிக்கிறவர். மூன்று வாரங்களுக்கு முன் அவரும் இதே படிவத்தில் தோற்றார். அன்று அவரை வண்டியில் ஏற்றியபோது நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "பாவம், அக்காவுக்கு இப்படி ஆயிடுச்சே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். எப்போதிலிருந்து என்று நானும் கேட்கவில்லை. இந்த மனுவில் புகார் என்று ஏதாவது இருந்தால் அதில் முதல் பெயர் என்னுடையது.

போர்வை மேல் அவர் விரல்கள் எதையோ தட்டிக்கொண்டே இருந்தன. என்னைத் தெரியவில்லை. வாளி குனிந்து முகர்ந்தாள், என்னைப் பார்த்தாள். பராமரிக்கும் பெண்ணிடம் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டதற்கு, "வந்ததுல இருந்தே இப்படித்தான்" என்றாள். அதற்கு முன்? அது எந்தத் தாளிலும் இல்லை. மாலையில் காப்பக மருத்துவர் வந்தார். வாளியின் வாய்க்குப் பயந்தோ, நியாயத்துக்குக் கட்டுப்பட்டோ, அக்காவின் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். அவர் முகம் மாறியது. சிறுநீர் முழுதாக வெளியேறாமல் தேங்கியிருந்தது. காய்ச்சலும் இருந்தது, சோதனையில் தொற்றும் வந்தது. அன்றிரவே மருந்து தொடங்கினார். எவ்வளவு தூரம் தெளிவார் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் நேர்மையாகச் சொன்னார்.

நேற்று வியாழக்கிழமை போயிருந்தேன். விரல்கள் தட்டுவதை நிறுத்தியிருந்தன. என்னை ஏற இறங்கப் பார்த்து, "மைக்கு, என் மூக்குக்கண்ணாடி எங்கடி?" என்றார். அவரை வண்டியில் ஏற்றிய அன்று வாசலில் கிடந்ததை எடுத்து வைத்திருந்தேன், அதை மாட்டிவிட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நான் ஏன் இங்க இருக்கேன்?" என்று கேட்டார். அக்கேள்வியைத் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கிறேன்.

9. ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

என்னை மறுபடி சோதித்துப் பார்த்து, உத்தரவை ரத்து செய்து, என் சாவியைத் திருப்பித் தர வேண்டும். அதே ஆய்வாளரையே அனுப்பலாம். மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்து சௌகரியமாக உட்காரலாம். கடிகாரத்துக்கு பேட்டரி போட்டுவிட்டேன்.

மூன்றாம் எண் வீட்டை டைப் அக்காவின் சிகிச்சை முடிந்து மருத்துவர் பார்க்கும்வரை எவருக்கும் ஒதுக்கக் கூடாது. அங்கே புதுப் பூட்டு தொங்குவதைக் காலையில் பார்த்தேன்.

படிவத்தில் இருபத்து மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்க்க வேண்டும்: "எப்போதிலிருந்து?" அதற்குப் பதில் நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ இருந்தால், ஆய்வாளர் பேனாவை மூடிவிட்டு மருத்துவரை அழைக்க வேண்டும். முப்பத்தோரு ஆண்டுகள் பயணிகள் என்னிடம் கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான், எத்தனை மணிக்கு, எப்போது, எப்போதிலிருந்து. நேரம் தெரியாமல் ஒரு வண்டியைக்கூட நாங்கள் கிளப்பியதில்லை. தங்கள் அலுவலகம் இரண்டு பெண்களைக் கிளப்பிவிட்டது.

கேடயத்தைச் சுவரிலிருந்து இறக்கிவிட்டேன். அந்த ஆணியில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு கோடு. இன்று இதுவரை ஐந்து. இந்த மனுவின் நடுவில் இரண்டு முறை எழுந்து போய்வந்தேன். எந்தப் பேருந்தும் நிற்கவில்லை.

முடிவாக ஒன்று. இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு வண்டி வரும் என்று உத்தரவில் உள்ளது. தங்கள் முத்திரையோடு போன உத்தரவு. வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. அது என் வாசலுக்கு வர வேண்டாம். நேரே காப்பகத்துக்குப் போகட்டும். திங்கட்கிழமை வரை காய்ச்சல் இல்லாவிட்டால் டைப் அக்கா வீட்டுக்குப் போகலாம், பக்கத்தில் ஆள் இருந்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நான் இருக்கிறேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுவரைத் தட்டி, "மூன்றாம் எண் வீட்டின் கனிவான கவனத்திற்கு" என்று தண்ணீர் குடிக்கச் சொல்வேன். என் குரல் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. வண்டி வந்து சேரும்போது பத்து பத்து ஆகியிருக்கும், வாசலில் நின்றிருப்பேன்.

இப்படிக்கு,
நேரம் தெரிந்தவளும் தங்கள் பதிலுக்குக் காத்திருப்பவளுமான,
(கையொப்பம்)
நான்காம் எண் வீட்டுக்காரி

நாள்: 17, வெள்ளிக்கிழமை, காலை 11.25
இடம்: என் வீடு, ஜன்னலோர மேசை

இணைப்பு: மருத்துவமனைச் சான்று, என் பரிசோதனை முடிவு, டைப் அக்காவின் பரிசோதனை முடிவு (அவர் சம்மதத்துடன், அவரே பிழை பார்த்துக் கையெழுத்திட்டது).